வாரேனுங்க

ஜூன் 9, 2025, திங்கள்
கல்லூரி திறக்க இன்னும் ஒரு வாரம். இந்த வருடம் முதலாண்டுப் பாடமெல்லாம் காணொளியாகிறதாம். ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பலாம், வகுப்பில் திரையில் போட்டுக் காட்டுவார்களாம். விரும்பினால் வழக்கம்போல் வகுப்புக்கும் வரலாம். எனக்கு எதற்கு வீடு? அவர் போய் நாலு வருடம். மகள் புனேயில். பேச ஆள் இருக்கும் ஒரே இடம் அந்த வகுப்பறைதான்.

ஜூன் 11
இணையவழிக் கூட்டம். சத்தம் விட்டு விட்டு வந்தது. துறைத்தலைவர் மோகன்குமார் ஒவ்வொருவரிடமும் வகுப்புக்கு வருகிறீர்களா என்று கேட்டான். (என்னிடம் படித்தவன், மரியாதைக்கு 'ர்' போடக் கை வரவில்லை.) என் முறை வந்ததும் "வாரேனுங்க" என்றேன். "சரிங்க மேடம்" என்றான். அணைத்துவிட்டேன். நிம்மதி.

ஜூன் 16
பட்டியலில் என் பெயர் 'வீட்டுப் பதிவு' என்பதன் கீழே! நேரே அவன் அறைக்குப் போனேன். தலையைச் சொறிந்தான். "நீங்க 'வாரேனுங்க'ன்னு சொல்லிட்டுக் கெளம்பறீங்கன்னு நெனச்சுட்டனுங்க மேடம். பதில் சொல்லாதவங்கள எல்லாம் ஊட்டுப் பதிவுல சேத்தியாச்சு." கணினியில் அட்டவணையைப் பூட்டியாகிவிட்டது, நவம்பர் வரை மாற்ற முடியாது என்றான்.

அடப்பாவி. நம்மூரில் வருகிறவளும் போகிறவளும் ஒரே வார்த்தைதானே சொல்கிறாள்? இன்னொரு தரம் கேட்டால் என்ன குறைந்துவிடும்? கெஞ்சப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு, மல்லசமுத்திரம் பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 2
இன்று புள்ளியியலில் இடைநிலைப் பாடம், எண்களை வரிசையில் வைத்தால் நடுவே நிற்பது. கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பேசினேன். கேள்வி கேட்டுவிட்டு, பழக்கத்தில் பதிலுக்குக் காத்திருந்தேன். நாலு சுவர். அழுகை வந்துருச்சு. யார்கிட்டப் போய்ச் சொல்ல?

ஜூலை 4
பதிவுகளைச் சரிபார்க்கும் சமியுல்லா கூப்பிட்டார். கேள்விக்குப் பிறகு நெடுநேரம் சும்மா இருக்கிறேனாம், வெட்டட்டுமா என்றார். பிள்ளைகள் யோசிக்க வேண்டாமா? கூடாது என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஜூலை 13
காய்க்காரரிடம் தவிர யாரிடமும் பேசவில்லை.

ஜூலை 22
ஒரு கையெழுத்துக்காகக் கல்லூரிக்குப் போனேன். முதலாண்டு வகுப்பைத் தாண்டும்போது என் குரல். சன்னலோரம் நின்றேன். அறுபது பிள்ளைகள், சுவர்த் திரையில் நான். நாலு பண்ணையில் பத்தாயிரம் பத்தாயிரம் கோழி, ஐந்தாவதில் இரண்டு லட்சம். இங்கே வழக்கமான பண்ணை எவ்வளவு பெரிது என்று சொல்ல எது பொருந்தும், சராசரியா, இடைநிலையா? கேட்டுவிட்டுத் திரையிலிருந்தவள் காத்திருந்தாள்.

"சராசரி" என்றது மொத்த வகுப்பும்.

"சரியாச் சொன்னீங்க சாமி" என்றாள் அவள், அன்றைக்கே பதிந்துவைத்தபடி.

"தப்புங்க சாமி, இடைநிலை. அந்த ஒரு பெரிய பண்ணை சராசரிய இழுத்துட்டுப் போயிருமுங்க" என்று சன்னல் வழியாகவே சொல்லிவிட்டேன். எல்லாத் தலையும் திரும்பியது. திரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "உள்ள வாங்க மேடம்" என்றாள்.

மணியடிக்கும் வரை நடத்தினேன். பாதியில் மோகன்குமார் வாசலில் வந்து நின்றான். பின்னால் திரையில் ஓடிக்கொண்டிருந்த என்னை நிறுத்திவிட்டுப் போனான்.