ஜீப் அழுகிற சத்தம்

13.1. செவ்வாய்

பனி. வாசலில் வழுக்காமல் உப்புப் போட்டேன். ஜீப்பின் மேல் ஒரு முழம் பனி. இவர் இருந்திருந்தால் விடியவே தட்டிவிட்டிருப்பார். இவர் போய் இது மூன்றாவது மாதம்.

ஏறி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். சீட்டை இழுக்கவில்லை, நுனியில் இருந்துதான். எஞ்சின் நல்லது. ஸ்டேரிங்தான் கல்லு. இரண்டு கையாலும் தொங்கினேன். திருப்பத் திருப்ப உள்ளே 'ஊ' என்று ஒரு அழுகை. தெரிந்த சத்தம்தான். இவர் வேலையால் வந்து கீழே வளைக்கும்போது கேட்கும். கேட்டதும் தேத்தண்ணி வைப்பேன். அது பழுது என்று யாருக்குத் தெரியும். ஜீப் என்றால் அப்படித்தான் என்று இருந்தேன்.

மகள் நிவேதா போன். "அந்தப் பழசைக் குடுத்துப்போட்டு இஞ்ச டுசல்டோர்ஃபுக்கு வாங்கோவன் அம்மா. அறை சும்மாதானே கிடக்கு."

வேலை?

"இனி உங்களுக்கு என்னத்துக்கு வேலை?"

எனக்கு முதியோர் இல்லக் குசினியில் விடியக்காலைச் சமையல் வேலை. அந்த நேரத்தில் இந்த மலையில் பஸ் இல்லை. இதுவரை கூட வேலை செய்யும் மரியா ஏற்றிப் போனாள். வெள்ளியோடு அவள் வேறு ஊர். திங்கள் ஜீப் ஓடாவிட்டால் நி. சொல்வதுதான் நடக்கும். வீடு, வேலை இரண்டும் போகும்.

உப்பு முடிந்தது. வாங்க வேண்டும்.

14.1. புதன்

ராசன் அண்ணை வந்தார். இவரோடு ஒரே தொழிற்சாலையில் நின்றவர். பொனற்றைத் திறந்து, ஸ்டேரிங்கை ஒருக்கால் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டேரிங்கை லேசாக்கிற பம்பு முடிஞ்சுது தங்கச்சி. வேற ஒண்டும் இல்லை. சாமானை எடுத்து வை, சனிக்கிழமை வந்து மாத்தித் தாறன்."

பிறகு, "இதை எப்பிடியடா இவன் வெட்டித் திருப்பினான், எருமை! தோள் கழண்டிருக்குமே" என்று சிரித்தார். சட்டென்று நிறுத்தி, "குறை நினையாதை" என்றார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அவர் போன பிறகு யோசனை. கோடை முழுக்கத் தோள் நோகுது என்றார் இவர். தைலம் பூசிவிட்டேன். நெஞ்சடைப்பு வந்து இவர் போனபிறகு ஒரே நினைப்பு: தோள் நோவு முதலே சொல்லியிருக்கிறது, நான் தைலத்தோடு விட்டுவிட்டேன். இன்றைக்குப் பார்த்தால் பம்பாம். அப்ப எது? நெஞ்சா, பம்பா? கேட்க ஆள் இல்லை.

15.1. வியாழன்

வெயில், ஆனால் குளிர். பொங்கல். எங்களுக்கு இந்த வருடம் இல்லை. ராசன் அண்ணையின் மனிசி ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டா. முந்திரிகை கூடிப்போனது.

உதிரிச் சாமான் கடைக்கு நானே போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதை முதலே ஜெர்மனில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடைக்காரர் பெயர் கேட்டார், வண்டி விபரம் கேட்டார். எல்லாம் சொன்னேன். பிறகு, "ஹொய்ல்ட் சீ?" என்றார்.

ஹொய்லன் என்றால் அழுவது. நி. பாலர் பள்ளிக்குப் போன காலத்தில் நான் படித்த சொல். இந்த மனிசனுக்கு எப்படித் தெரியும்? குரல் காட்டிக்கொடுத்திருக்கும். பொய் சொல்ல வரவில்லை. "யா" என்றேன்.

"காலையில் கூடுதலோ?"

ஓம், காலையில்தான் கூடுதல். வேலை தொடங்கினால் குறையும்.

"திரும்பும்போது?"

ஓம். மற்றப் பக்கம் திரும்பினால் கட்டில் வெறுமை. அவர் செத்துப்போனார்.

கடைக்காரர் பிறகு மெதுவாக, "நான் பம்பைக் கேட்டேன்" என்றார். அவசரத் தபாலில் அனுப்புவதாகவும் சொன்னார்.

நி.யிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, ஜெர்மன்ல பம்பு பொம்பிளை! 'அவள்' எண்டாலும் 'சீ', 'நீங்கள்' எண்டாலும் 'சீ'."

பிறகு சிரிப்பு நின்றது. "காலமையில அழுறனீங்களோ? எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

சொன்னால் இன்றைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் இதுவரை சொல்லவில்லை.

17.1. சனி

மூட்டம். கை விறைக்கிற குளிர். எடுத்து வைத்தவை: பம்பு, வார், சிவப்பு ஒயில், செப்பு வளையங்கள், பழைய துவாய், ராசன் அண்ணைக்குப் புட்டும் கத்தரிக்காய்க் கறியும்.

பம்பைச் சுற்றுகிற வாரைக் கழற்றினார். குழாய்களைக் கழற்றினார். உள்ளே இருந்த ஒயில் கோப்பி மாதிரிக் கறுப்பு. பழைய பம்பை என் கையில் தந்தார். தேங்காயளவு இரும்பு. இவ்வளவுதானா?

புதியதைப் பூட்டி, சிவப்பு ஒயில் விட்டு, முன் ரயர் இரண்டையும் உயர்த்தினார். குழாய்க்குள் காற்று நிற்கக் கூடாதாம்.

"ஏறி இருந்து இந்த முட்டும் அந்த முட்டும் ஆறுதலாத் திருப்பு. எஞ்சினைப் போடாதை."

திருப்பினேன். குமிழி வருகிறது, வருகிறது, இல்லை என்று ஒயிலைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில், "இப்ப ஸ்டார்ட் பண்ணு. நுனியில இருந்து கூத்தாடாமல் சீட்டை முன்னுக்கு இழுத்து ஒழுங்கா இரு."

சீட் இன்னும் இவருடைய காலுக்குத்தான் நின்றது.

"என்ன, நித்திரையோ?"

இழுத்தேன். 'டக்' என்றது. ஸ்டார்ட் பண்ணினேன். ஒற்றை விரலுக்குத் திரும்பியது. சத்தமே இல்லை.

"பட்டு!" என்றார் ராசன் அண்ணை. என்னைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுது, இப்ப என்னத்துக்கு அழுறாய்?"

சத்தம் போய்விட்டது என்று சொன்னேன். "அதுக்குத்தானே பிள்ளை மாத்தினது" என்றார். கறி உறைப்புக் காணாதாம்.

19.1. திங்கள்

பனி இல்லை. இருட்டோடு நானே ஓடிப் போனேன். பெரிய வளைவில் பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும். தோள் நோகவில்லை.

நி.க்கு: வேலைக்கு வந்திட்டன். பதில்: "சரி. ஈஸ்டருக்கு நான் அங்க வாறன். அறை ஒதுக்கி வையுங்கோ."

வேலை முடிய உதிரிச் சாமான் கடை. பழைய பம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இங்கே அப்படித்தான். துவாயில் சுற்றிக் கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணாடி போட்ட நரைத்த மனிசன். பற்றுச்சீட்டில் பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துவாயைப் பிரிக்கவில்லை.

"ஹொய்ல்ட் சீ இன்னும்?" என்று கேட்டார்.

இந்த முறை இரண்டு 'சீ'யும் விளங்கியது. "பம்பு அழவில்லை" என்றேன்.