படமில்லாமல் வந்த உன் பக்கம்

என் பாசமுள்ள தங்கத்துக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "செத்தவங்ககிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று கத்துவாய். கத்தினாலும் பரவாயில்லை என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

என் கையெழுத்து இன்னும் கோழி கிளறியது மாதிரிதான் இருக்கிறது. நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு இதுவே அதிகம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும், நீ மட்டும் சிரி.

இங்கே ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது. உடும்பஞ்சோலையில் பனி மதியம் வரை எழுந்து போவதில்லை, உன்னைப் போல சோம்பேறி. ஜீப்பில் உன் இடத்தில் ஒரு புதுப்பெண் உட்காருகிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் நான் எதைச் சொல்லிக் கேலி செய்தாலும் "சரிங்கக்கா" என்கிறாள். சரிங்கக்காவாம்! திருப்பி ஒரு வார்த்தை கொடுக்கத் தெரியாதவளிடம் என்ன பேச? சாப்பாட்டு நேரத்தில் பாத்திரத்தைத் திறக்கிறேன், வாயை மூடிக்கொள்கிறேன். காய்ச்சலா என்று சூப்பர்வைசரே கேட்டுவிட்டார்.

உன்னைப் பற்றிய ஒரு சேதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருடம் ஆகிறதே, மாதாமாதம் வருகிற நம் தோட்டத்துப் பத்திரிகையில் உனக்கு அஞ்சலிப் பக்கம் போடச் சொல்லிக் கேட்டிருந்தோம். அதன் ஆசிரியர் லீலாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றி எழுதினாலும் அவனா, அவளா, அவரா என்று அந்த ஆளிடமே கேட்டுத்தான் எழுதுவார். ஆள் இறந்துபோயிருந்தால், வீட்டாரையும் கூட இருந்தவர்களையும் வரவழைத்து, எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார்.

போடிமெட்டு ஏறி உன் அண்ணன் வந்தார். நானும் போனேன். அவர் கையில் உன் பழைய படம், மீசையோடு. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் கண் உன் கண்தான்.

லீலா வாசிக்கத் தொடங்கினார். "தங்கம் இருந்த இடத்தில் சிரிப்பு இருக்கும். அவர்..."

உன் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "என்னங்க அவரு இவருன்னு? எந் தம்பிங்க. அவன்னு போடுங்க. பேரையும் தங்கராஜுன்னு முழுசாப் போடுங்க."

"எங்க பத்திரிகையில, அவங்க தன்னை எப்படிச் சொல்லச் சொன்னாங்கன்னுதாண்ணே பாப்போம். யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்காங்களா?"

"எங்கிட்டச் சொன்னாரு," என்றேன். "நான் ஆம்பளையுமில்ல, பொம்பளையுமில்ல, அவருன்னு சொல்லுங்கன்னாரு. 'பெரிய தாசில்தாரு, அவரு கேக்குதோ'ன்னு ஓட்டினேன். மறுநாளே காய் உலத்துற ஸ்டோர் முழுக்க, 'தங்கம் வந்துட்டாரா'ன்னு நாந்தான் கத்திக் கேட்டேன். பெறகு எல்லாரும் அப்படியே கேட்டாக."

"நீ யாரும்மா அவனுக்கு?"

"மதினி. அப்படித்தான் கூப்பிடுவாரு."

"அவனுக்கு அண்ணன் நான் ஒருத்தன்தான். எந்த வழியில மதினி?"

"பயப்படாதீக. உங்களக் கட்டிக்கிற அளவுக்கு எனக்குக் கிறுக்குப் பிடிக்கல."

லீலா சிரித்துவிட்டார். நீயாக இருந்தால் விழுந்து புரண்டிருப்பாய். பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி சும்மா கிடந்தது.

உன் அண்ணன் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அவருன்னு போடுறதா இருந்தா போட்டோ கிடையாது. எங்கம்மா பெத்தது மகன. அவனத்தான் என் கையால எரிச்சேன்." சொல்லும்போதே குரல் உடைந்தது. எனக்கும் அதற்கு மேல் கேலி வரவில்லை. அவரையும்தானே விட்டுவிட்டுப் போனாய்?

"அக்கா, உங்ககிட்ட வேற படம் இருக்கா?" என்று லீலா கேட்டார்.

எனக்கு ஏது? நாம் எடுத்ததெல்லாம் உன் போனில். அதை உன் பெட்டியோடு போடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. தங்கம் கேட்ட மாதிரி எழுதவா, இல்ல படம் வரட்டுமா?"

ஒரு வருடமாக உன் முகத்தைப் பார்க்காதவளிடம் இப்படிக் கேட்கலாமா, தங்கம்? பையின் வாயிலிருந்து அந்தப் படத்தின் ஓரம் தெரிந்துகொண்டே இருந்தது.

"அவருன்னே போடுங்க," என்றேன்.

பக்கம் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் நீ அவர்தான். படம் வரவேண்டிய இடம் வெறும் வெள்ளை. செய்தது சரிதானா? முகத்தை விட்டுக்கொடுத்தவள் என்று கோபிப்பாயா? யாரிடம் கேட்பேன்?

நேற்று டீக்கடையில் ஒருவர் அந்தப் பக்கத்தைத் தட்டிக் கேட்டார். "இது யாருங்க? படத்தையே காணோம்?" டீ ஆறிப்போகும்வரை சொன்னேன். நீ எப்படி நடப்பாய், எதற்கெல்லாம் முறைப்பாய், மழையில் என் கோணியைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டு ஓடியது, எல்லாம். அந்த ஆள் பஸ்ஸை விட்டுவிட்டார், பாவம்.

இனி யார் கேட்டாலும் அவர்கள் கண்ணுக்கு உன் முகம் தெரியும்வரை விடமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்றைக்கும் உனக்கு மதினியான
பேச்சியம்மாள்