சுவரடிக்கு ஓடாதேங்கோ

அக்கா, இன்று காலை மகப்பேற்று வாட்டின் பழைய சுவரில் சாந்தைக் கொத்தி இறக்கினார்கள். சுண்ணாம்புப் புழுதி மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவுதான் வந்தது. இந்த வாசத்துக்குள்தானே மருத்துவிச்சியாய் உங்கள் காலம் முழுக்க நடமாடினீர்கள். ஊரே உங்களை அக்கா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

சாந்து போனபின் சுவரின் உள் தெரிந்தது. வெளிப்பக்கம் கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல் ஒரு வரிசை, உட்பக்கம் ஒரு வரிசை, நடுவில் வெறும் கல்லும் மண்ணும். இரண்டையும் பிணைக்க ஒரு கல்கூட இல்லை. நிலம் அதிர்ந்தால் ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் தாங்குமா என்று பார்த்துப் பலப்படுத்துவது என் வேலை. இது தாங்காது என்று நீங்கள் இருக்கும்போதே உங்களிடம் சொன்னேன். சிரித்தீர்கள்.

"நிலம் அதிருற ஊரோ பிள்ளை இது?"

"அதிராது எண்டு எழுதித்தர ஏலாதக்கா."

"சண்டைக்காலத்தில ஷெல்லடிக்கேக்க தாய்மாரை இந்தச் சுவரோடதான் கிடத்தினனான். நீர் பிறந்ததும் இதடியிலைதான். ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழேல்லை. இப்ப நீர் வந்து இதுக்குப் பயப்பிடச் சொல்லுறீர்."

"ஷெல் வெளியாலயிருந்து வாறது. நிலம் ஆடினால் சுவரே எங்களுக்கு மேல வரும்."

"விசர்க்கதை" என்றுவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் கண்மூடும்வரை அந்த வழக்குத் தீரவில்லை.

நீங்கள் போன சில மாதங்களில் ஒரு பகல் தரை நடுங்கியது. சேலைன் போத்தல்கள் ஆடின. தாய்மார் குழந்தைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். வெளியே அல்ல, அக்கா, அந்தச் சுவரடிக்கு! ஆபத்தென்றால் சுவரோடு ஒட்டு என்று நீங்கள் பழக்கிய சனமல்லவா? "சுவரடிக்கு ஓடாதேங்கோ! வெளியால வாங்கோ!" என்று கத்தினேன். ஒருத்தியும் திரும்பவில்லை. பிறகு பார்த்தால், கத்திக்கொண்டிருந்த என் முதுகும் அதே சுவரில்தான் ஒட்டியிருந்தது.

தரை அடங்கிவிட்டது. என் கால்கள் எப்போது அங்கே ஓடின என்றே எனக்குத் தெரியவில்லை.

இனி சுவரின் இருபுறமும் இரும்புவலை அடித்து, ஊடாகக் கம்பி கோத்து, சீமெந்து பூசப்போகிறோம். கடல் குழம்பினால் எங்கள் தீவுக்குச் சீமெந்துப் படகு வராது, வேலையும் நிற்கும். தாய்மாரை வைக்க இங்கே வேறிடமும் இல்லை. ஒருபுறம் கொத்திக் கிடக்கும் சுவருக்கு மறுபுறம் இருந்து பால் கொடுக்கிறார்கள். வீதியில் ஒரு லொறி போனாலும் நான் ஓடிவந்து சுவரைப் பார்க்கிறேன்.

நிலம் ஆடினால் முற்றத்துக்கு ஓடுங்கள் என்று தினமும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். தலையாட்டிவிட்டு, கட்டிலை இன்னும் கொஞ்சம் சுவரோடு நெருக்கிப் போட்டார்கள். கடைசியில் பயம் தாங்காமல் ஒரு பொய் சொன்னேன்.

"இது என்ரை கதையில்லை. அக்கா சாகமுன்னம் சொன்னவ."

"அக்காவோ சொன்னவ?" என்று கேட்டாள் ஒருத்தி. ஓம் என்றேன். அன்றே கட்டில்களைத் தாங்களாகவே இழுத்து நகர்த்தினார்கள்.

நீங்கள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் புதிதாய் வரும் ஒவ்வொரு தாய்க்கும் உங்கள் பெயரில் அதைச் சொல்கிறேன். நிலம் மறுபடி ஆடினால், என் கால்களும் அந்தப் பொய்யை நம்ப வேண்டும், அக்கா.