மாமா எழுதிக் கொடுத்த ஆட்சேபணை

மாமா,

இன்றைக்குக் காலையில் சரவணம்பட்டி பஸ் ஸ்டாப் சுவரில் உங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளி மைதாப் பசை, அதன் புளித்த வாசம், ஏணியில் ஒருவர், கீழே ஒருவர். மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. அதற்குக் கீழே பட்டுத் துண்டு போட்டுக் கும்பிட்டபடி நீங்கள். ‘நல்லதை மட்டுமே நினைத்த நெஞ்சம்’ என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியவருக்கு உங்களோடு அவ்வளவு பழக்கம் இருந்திருக்காது.

பஸ்ஸை விட்டுவிட்டு நின்று முழுவதையும் படித்தேன். துயரத்தில் வாடும் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், பவுண்டரித் தொழிலாளர்கள், உங்கள் கார் டிரைவர்வரைக்கும் பெயர் இருக்கிறது. மகள் என்ற சொல் மட்டும் இல்லை. மறுபடியும் மேலிருந்து படித்தேன், இல்லை. எனக்கு இந்தப் பசை வாசம் ஏற்கனவே ஆகாது. ஆறு வருசத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டிலும் இதே வாசம்தான் அடித்தது. அங்கேயும் ஒரு காகிதத்தை நீங்கள் இப்படித்தான் நின்று முழுவதும் படித்தீர்கள்.

உங்கள் மரியாதையில் யாரும் குறை சொல்ல முடியாது மாமா. ஒருத்தரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதாக இருந்தாலும், “கொஞ்சம் வெளிய போங்க கண்ணு” என்றுதான் சொல்வீர்கள். என் தம்பி வளைகுடாவிலிருந்து வந்து, தான் ஜெனரேட்டர் பார்க்கிற ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோதும் நீங்கள் குரலை உயர்த்தவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் உங்கள் வீட்டு ஹாலில், ஊஞ்சலை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள்.

“அந்தப் புள்ள என்ன கூட்டமுங்க?”

நான் சிரித்துவிட்டேன். கடல் தாண்டிப் பிறந்தவளிடம் போய் நம் சாதிக்குள் எந்தக் குலப்பிரிவு, என்ன கூட்டம், குலதெய்வம் எந்த ஊரில் என்று கேட்கும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அந்தப் பெண் மரிசெல் ஊருக்கு வந்ததும் அவளிடமே கேட்டீர்கள், தம்பி மொழிபெயர்த்தான். அவள் முகம் மலர்ந்துபோய், தன் ஊர்க் கோயிலில் இருப்பவர் ஏரோட்டிய புனிதர் என்றும், அவர் திருநாளன்று ஊரே எருமைகளைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு ஓட்டிப் போகும் என்றும் சொன்னாள். காடு தோட்டம் வைத்திருந்த எந்த மனுசனுக்கும் அதைக் கேட்டதும் மனம் இளகியிருக்கும். நீங்கள் யோசித்துவிட்டு, “அதெல்லாஞ் சரிங்க, கூட்டத்துல சேராதுங்க” என்றீர்கள்.

உங்கள் கவலை கூட்டம் அல்ல என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் கல்யாணத்தில் எங்கள் அம்மாதான் தங்கையாக நின்று இணைச்சீர் செய்தாள். கூறைச் சேலையின் ஒரு முனை உங்களிடம், மறுமுனை அவளிடம். அந்தச் சீர் செய்த தங்கையின் மகனுக்கு அண்ணன் மகள் உரிமை என்பது நம் வழக்கம். அந்தக் கணக்குப்படி உங்கள் மகள் பூங்கொடி என் தம்பிக்கு. பூங்கொடி அப்போது பீளமேட்டில் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிக் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இதுபற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஹாலில் போட்டிருந்த ஊஞ்சலிடமும் கேட்டதில்லை. இரண்டும் உங்கள் வீட்டுச் சாமான்.

சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். “மருதமலையில வெச்சுத் தாலியக் கட்டிப்போட்டா முடிஞ்சுதுங்க” என்றார் ஒருவர். அவள் இந்து அல்ல, அந்தக் கல்யாணம் சட்டத்தில் நிற்காது, அவள் நாட்டிலும் ஏற்க மாட்டார்கள் என்று தம்பி சொன்னான். “அப்பப் பேர மாத்தி, மதத்த மாத்திப்போடு” என்றார் இன்னொருவர், சட்டை மாற்றச் சொல்கிற மாதிரி. அவளும் மாறவேண்டாம், நானும் மாறமாட்டேன் என்று தம்பி உறுதியாக நின்றான். அப்படியானால் இருப்பது ஒரே வழி, தனித் திருமணச் சட்டம். ஒருவராவது முப்பது நாள் இந்த மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும், பிறகு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது முப்பது நாள் போர்டில் தொங்க வேண்டும், ஆட்சேபணை உள்ளவர்கள் அதற்குள் சொல்ல வேண்டும், மூன்று சாட்சி வேண்டும். தம்பி அதற்காகவே ஒரு மாதம் முன்னால் வந்து என் வீட்டில் தங்கினான். மரிசெல் வந்த மறுநாளே இருவரும் போய் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டார்கள்.

அவள் பக்கத்துச் சட்டம் இன்னும் கெடுபிடி. இவளுக்குக் கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி இருக்கிறது என்று அவர்கள் தூதரகம் எழுதித் தர வேண்டும். அதற்காக இருவரும் ரயிலேறி டெல்லிக்குப் போனார்கள். இருபத்தைந்து வயது ஆகாத பெண் என்பதால் பெற்றோரின் கருத்தும் எழுத்தில் வேண்டுமாம். அவள் அப்பா நெல் விதைக்கிறவர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ‘மகள் யோசித்து முடிவெடுப்பவள், எங்களுக்குச் சம்மதம்’ என்று யாரையோ வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். எங்களைப் பார்த்ததுகூடக் கிடையாது அந்த மனுசன். எங்களைத் தூக்கி வளர்த்த தாய்மாமன் நீங்கள், பத்து மைல் தூரத்தில் இருந்துகொண்டு என்ன செய்தீர்கள்?

நோட்டீஸ் போர்டைப் படித்தீர்கள். படித்துவிட்டு உள்ளே போய் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தீர்கள். அதன் நகலை அதிகாரி தம்பியிடம் காட்டினார், நானும் படித்தேன். மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ உயிரோடு ஒரு துணை இருந்தால் கல்யாணத்தைத் தடுக்கலாம் என்று சட்டத்தில் இருப்பதை எந்த வக்கீலோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதை உங்கள் அறிவுக்கு எட்டியபடி புரிந்துகொண்டு இப்படி எழுதியிருந்தீர்கள்: ‘மேற்படி பையனுக்கு உரிமைப் பெண் உண்டு. அவள் என் மகள். என் மகள் உயிருடன் இருக்கிறாள்.’

மாமன் மகள் உயிரோடு இருந்தால் அது பெண்டாட்டி உயிரோடு இருப்பதாகுமாம். அப்படிப் பார்த்தால் கோயமுத்தூர் ஜில்லாவில் பாதிப் பேர் ஜெயிலில் இருக்க வேண்டும். ஆனால் சிரிக்க முடியவில்லை. நீங்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற அதிகாரி அவர். “பெரியவரு சொல்றாருங்க, விசாரிக்கோணுமுங்க. ஒரு மாசம் டைம் இருக்குதுங்க” என்றார். மரிசெல்லின் விடுப்பு மொத்தமே நாற்பது நாள். அதற்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும், அவள் சம்பளத்தில்தான் ஊரில் அவளுடைய இரண்டு தம்பிகள் படித்தார்கள். கல்யாணமாகாமல் திரும்பினால் அடுத்த விடுப்பு இரண்டு வருசம் கழித்து. அவர்கள் வேலை பார்க்கும் வளைகுடா நாட்டில் கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒன்றாக நின்று டீ குடித்தாலே கேள்வி கேட்பார்கள். அவள் என் அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதாள். வெங்காயம்தான் காரணம் என்று எனக்குச் சைகை காட்டினாள்.

நீங்கள் எழுதியது பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் நம்பவே இல்லை, அதுதான் எனக்கு ஆற மாட்டேனென்கிறது. தெரிந்தே செய்த அயோக்கியத்தனமாக இருந்தால் கொஞ்சம் மதித்திருப்பேன்.

நாங்கள் தினமும் போய் நின்றோம். கடைசியில் விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள். அன்றைக்கு நீங்கள் ஹாஸ்டலுக்குக் கார் அனுப்பிப் பூங்கொடியை அழைத்து வந்தீர்கள். பட்டுச் சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, மேசைக்கு முன்னால் நிறுத்தினீர்கள். உயிருடன் இருக்கிறாள் என்பதற்கு ஆதாரம்.

“பாருங்க சார், இதுதானுங்க என்ற மக” என்றீர்கள்.

அதிகாரி அவளிடம் கேட்டார். “ஏம்மணி, உனக்கும் இந்தப் பையனுக்கும் கல்யாணம் ஆயிருக்குதா?”

நீங்கள் அவளுக்கு முன்னால் பதில் சொல்ல வாய் திறந்தீர்கள். அவள் உங்களைப் பார்க்காமல், நிதானமாகச் சொன்னாள்.

“நான் உசுரோட இருக்கறது நெசந்தானுங்க சார். ஆனா யாருக்கும் பொண்டாட்டியா இல்லீங்க. அவங்க யாரக் கட்டுனாலும் எனக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குப் பரிட்சை இருக்குது, நான் போலாங்களா?”

அதிகாரி பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். உங்கள் ஆட்சேபணை அந்த இடத்திலேயே தள்ளுபடி ஆனது. நீங்கள் அப்போதும் மரியாதை தவறவில்லை. “வாங்க அம்மணி, போலாம்” என்று அவள் முழங்கையைப் பிடித்தீர்கள். பிடித்த இடம் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

நோட்டீஸின் முப்பது நாள் முடிந்ததும் கல்யாணம் என்று முடிவானது. மரிசெல்லின் விமானத்துக்கு இன்னும் ஆறு நாள்தான். நானும் எங்கள் வீட்டுக்காரரும் இரண்டு சாட்சி. மூன்றாவது சாட்சி தம்பியோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், உங்கள் பவுண்டரியில் சூப்பர்வைசர். பதினொரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, அவன் வரவில்லை. நீங்கள் அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. என்ன சொல்லியிருந்தாலும் மரியாதையாகத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆபீஸில் இருந்த நாலைந்து பேரைக் கேட்டோம். “அந்தப் பெரியவரு ஊட்டு விசயமுங்களா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனார்கள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தப் போனார்கள். அப்போது பீளமேட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள் பூங்கொடி. சாதாரண நூல் சேலை, தோளில் காலேஜ் பை. எங்கள் முறைக்கு, அத்தை மகளான என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

“இன்னம் ஆகலீங்களா நங்கை? யாரு வரோணும்?”

சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து தன் பேனாவையே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாட்சி என்ற இடத்தில் தன் பெயரும், இன்னார் மகள் என்று உங்கள் பெயரும் அழகாக எழுதினாள். தம்பி ஏதோ காதில் சொல்ல, மரிசெல் தன் சேலைத் தலைப்பை என் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு மாலை போட்டுக்கொண்டாள். அக்கா முனையைப் பிடிக்காமல் இது கல்யாணமாகாது என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தானாம். இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அது இல்லை. ஆனாலும் நான் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன், அழுதுகொண்டும் நின்றேன்.

மறுநாள் நீங்கள் கிணற்றடியில் நின்று எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினீர்கள். “எனக்கு மக இல்லீங்க, செத்துப்போனா” என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னீர்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை மாமா. சர்க்காருக்கு எழுத்துமூலம் உயிருடன் இருக்கிறாள் என்று சொன்ன அதே வாய். அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “வந்தா இருக்கட்டும், நமக்கென்ன” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எங்கள் வீட்டுக்காரர் உள்ளே தூக்கி வைத்தார். அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தம்பிக்கு ஒரு மகள், எனக்கு ஒரு மகன். “சேலை முனையப் புடிச்சவ நீதான, உனக்கு மருமக ரெடி” என்று இப்போது சொந்தக்காரர்கள் இளிக்கிறார்கள், அன்றைக்கு அவளை மதம் மாற்றச் சொன்ன அதே ஆட்கள். என் காதுபட உரிமை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு என் வீட்டில் காபி கிடையாது.

போன வாரம் உங்களை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது நான் அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா அவளைப் பார்த்துவிட்டு, “இதாருங்க?” என்று கேட்டார். உங்கள் பெரிய மகன் கூசாமல், “தெரிஞ்சவங்க ஊட்டுப் புள்ளைங்க” என்றான். உங்கள் வளர்ப்பு, வேறெப்படி இருப்பான்.

“மாமனோட மக. உசுரோட இருக்கறா” என்று நான் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னேன். “மாமனே கவருமெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கறாருங்க, வேணும்னா போய்ப் பாருங்க.”

அவள் கூட்டத்துக்குள் நடந்துபோய் உங்களுக்கு வாய்க்கரிசி போட்டாள். எனக்கு அழுகை வரவில்லை மாமா. அவளுக்கு வந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு வருசம் செத்தவளாக வைத்திருந்த அப்பனுக்காக அப்படி அழுதாள்.

உங்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வரி. என் மகள் உயிருடன் இருக்கிறாள். உங்கள் ஆயுசில் நீங்கள் எழுதிய உருப்படியான வரி அது ஒன்றுதான், அதையும் தப்பான இடத்தில் எழுதினீர்கள்.

மத்தியானம் பசை காய்ந்திருக்கும் என்று ஒரு ஸ்கெட்ச் பேனாவோடு பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பப் போனேன். மகன்களின் பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. மகள் பூங்கொடி என்று, பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரிப் பெரிதாக எழுதிவிட்டு வந்திருக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் சொல்லுங்கள் மாமா.