உருளியில் வெட்டிய பெயர்

2025 அக்டோபர் 5, ஞாயிறு

மாடியில் குடியிருந்த கிரிஷ் காலி செய்து பெங்களூர் போய்விட்டான். நல்ல பையன், ஃபேனைக்கூடத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறான். நவராத்திரிப் பாயசத்துக்கு என்னிடம் வாங்கிப் போன வெண்கல உருளியை மட்டும் காணோம்.

போனில் பிடித்தேன். அவன் முன்னால் போய்விட, அவன் அம்மாதான் வந்து சாமான் கட்டினாளாம். வேண்டாத பாத்திரத்தை எல்லாம் ஆரியசாலையில் பழைய பாத்திரக் கடைக்கு விற்றுவிட்டாள். உருளியையும் சேர்த்து!

"உங்க பேர் அனந்தலக்ஷ்மின்னு அம்மாக்குத் தெரியும் மாமி. அதுல ஸ்ரீலக்ஷ்மின்னு வெட்டியிருந்ததோல்லியோ, உங்களோடதா இருக்காதுன்னு நினைச்சுட்டா."

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 6, திங்கள்

இவரையும் கூட்டிக்கொண்டு ஆரியசாலை போனேன். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர், ஒரு நாளாவது வீட்டுக்குப் பயன்படட்டுமே.

உருளி கடை முன்னாலேயே பளபளவென்று இருந்தது. கடைக்காரர் திரவியம், நாகர்கோவில்காரர். கோவளத்து ஹோட்டல் ஒன்று அதைச் சொல்லி வைத்திருக்கிறதாம். சனிக்கிழமை எடுத்துப் போவார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட. என் உருளியில்!

இவர் ஆரம்பித்தார். தன்னுடையது அல்லாததை ஒருவர் விற்றால் வாங்கியவருக்கு உரிமை வராது, காசு கொடுத்திருந்தாலும் வராது, இரவல் வாங்கியவருக்கு விற்கிற அதிகாரமே கிடையாது என்று கால் மணி நேரம். திரவியம் டீ வரவழைத்துக் கொடுத்து, முழுக்கக் கேட்டார்.

"ஐயா சொல்லுகது சரிதான். ஆனா இதுல ஸ்ரீலக்ஷ்மின்னுல்லா போட்டிருக்கு. அந்த அம்மா வரட்டும், ஒண்ணும் பேசாம எடுத்துத் தாரேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஸ்ரீலக்ஷ்மி என் அக்கா. கரமனையில் இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு அம்மா அவள் பெயரை வெட்டிக் கொடுத்த உருளி அது. இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு எவர்சில்வர் அடுக்குதான் வந்தது. 2011இல் பையன் பூணூலுக்கு 'ஒரே ஒரு நாளைக்கு' என்று உருளியை வாங்கி வந்தேன்.

ஏன் திருப்பித் தரவில்லை? மறந்துவிட்டேன் என்று எழுதப் போனேன். என் நாட்குறிப்பில் நானே யாரை ஏமாற்றுவது? தர மனசு வரவில்லை. அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை வரும்போதும் அக்கா "உருளி சௌக்யமா?" என்பாள். சௌக்யம் என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

"சட்டப்படி கிரிஷோட அம்மாவும் நீயும் ஒரே பெஞ்சு" என்கிறார் இவர். ஆயுசில் முதல் தடவையாக ஒரு வேடிக்கை பேசியிருக்கிறார். அதுவும் என்னை வைத்துத்தான் வர வேண்டுமா?

அக்டோபர் 8, புதன்

அக்காவுக்குப் போன் செய்யவில்லை. வெயில் அதிகம்.

அக்டோபர் 9, வியாழன்

செய்யவில்லை. மழை.

அக்டோபர் 10, வெள்ளி

சொல்லாவிட்டால் உருளி கோவளத்துக்குப் போகும். சொன்னால் கரமனைக்குப் போகும். எப்படியும் எனக்கில்லை. பூ மிதப்பதற்கு அக்காவே மேல் என்று கிளம்பினேன்.

அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பாதியில் அழுகை வேறு. எதற்கு அழுதேன், உருளிக்கா? இல்லை. தர மனசில்லாமல்தான் வைத்திருக்கிறேன் என்பது பதினாலு வருஷமாக அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த வெட்கம்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடி" என்றாள். காய் நறுக்குவதை நிறுத்தவேயில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 11, சனி

கடையில் கேட்பதற்கு முன்பே அக்கா ஆதார் அட்டையை நீட்டினாள். திரவியம் வாங்கிப் பார்க்கவில்லை, உருளியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்கு அவர் கொடுத்த காசைக் கிரிஷ் நேற்றே திருப்பி அனுப்பிவிட்டானாம். ஹோட்டலுக்குப் பெயர் வெட்டாத வேறு உருளி போகிறது.

பெயர் வெட்டுகிற ஆள் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் தனியாக ஏதோ கேட்டு வைத்தாள். பிறகு உருளியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கரமனைக்குப் போய்விட்டாள். என்னை ஏறச் சொல்லவில்லை. நியாயம்தான்.

அக்டோபர் 18, சனி

தீபாவளி லேகியம் அலுமினியச் சட்டியில் அடிப்பிடித்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். அதுவே பெரிய விமர்சனம்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் ஆட்டோக்காரர் ஒருவர் துணியில் சுற்றிய கனமான சாமானை வாசலில் வைத்துவிட்டுப் போனார். உருளி! ஸ்ரீலக்ஷ்மி என்ற பெயருக்குக் கீழே புதிதாக நான்கு எழுத்து வெட்டியிருந்தது: இரவல்.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். இனி இதை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார் என்று சிரித்தார். நானும் சிரித்தேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. லேகியம் அதில் மறுபடி கிளறியாயிற்று, அடிப்பிடிக்கவில்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். வழக்கமான கேள்விதான், உருளி சௌக்யமா என்று.

"உன்னோட உருளி சௌக்யம், அக்கா" என்றேன்.