மோட்டார் வயரைத் தொடாத

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி இப்ப தேவலையா? பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளா?

இங்க ஒரு சின்ன சங்கதி, பயப்படாத. எங்க ரூம்ல தையக்காரர் ஒருத்தர் இருக்காருன்னு சொன்னேன்ல, குறட்டை விட்டா ஜன்னலே ஆடுமே, அவருதான். நல்ல மனுசன், என் சட்டைக்கெல்லாம் பட்டன் தச்சுத் தருவாரு. துணி தேய்க்கும்போது அவர கரண்டு புடிச்சிக்கிச்சு. நான் இழுக்க ஓடுனேன்.

"தொட்டா நீயும் போயிடுவடா, மெயினை அணை"ன்னு கூடத் தங்கியிருக்குற சமையக்காரர் கத்துனாரு.

மெயின் பெட்டிய முதலாளி பூட்டி வச்சிருக்காரு. நாங்க ரூம்ல கரண்டு அடுப்பு போட்டு, பியூஸ் போனா நாங்களே மாட்டிக்குவோமாம். கடைசியில காஞ்ச கட்டையால தட்டிவிட்டோம். ஆஸ்பத்திரியில இருக்காரு. நாலு நாளாச்சு, கண்ணே தொறக்கல.

உங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அந்த அயர்ன் பாக்ஸ் வயரு பிஞ்சிருந்தப்ப டேப்பு சுத்துனது நான்தான். கிளம்புற அன்னைக்கு நம்ம மோட்டார் வயருக்கும் அப்படியேதான் சுத்திட்டு வந்தேன்.

இனிமே மோட்டார் போடாத. மெயினை அணைச்சிட்டு, ஆளக் கூப்பிட்டு வயரையே மாத்து. அதுவரைக்கும் இடுப்பு வலிச்சாலும் தண்ணியக் குடத்துலயே தூக்கு. நான் வந்து பாத்துக்கிறேன்னு சொல்ல வழியில்ல, பாஸ்போர்ட்டு முதலாளிகிட்ட இருக்கு.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. வயரை மாத்துனதும் ஒரு வரி எழுதிப் போடு. இந்தச் சட்டையில பட்டன் ஒண்ணு தொங்குது, அப்படியே போட்டுக்கிட்டுப் போறேன்.

உன் வீட்டுக்காரன்