மெஷின் காட்டிய பத்து

ஜூன் 9
சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் டிரைவர்கள் குடித்திருக்கிறார்களா என்று மெஷினில் ஊதச் சொல்லிப் பார்ப்பது என் வேலை. பூஜ்யத்துக்கு மேல் காட்டினால் வேலை போச்சு, கான்ட்ராக்டர் உத்தரவு. இன்று கொளஞ்சிநாதனுக்குப் பத்து.
"சத்தியமா குடிக்கலீங்க. வூட்டுல பலாப்பழம், துன்னுகினே வந்தேங்க."
ஆம்பளைகளுக்குக் காரணமா பஞ்சம்! பெயரை எழுதிவிட்டேன்.

ஜூன் 10
மகள் கிருஷ்ணப்ரியா காலேஜில் புள்ளியியல் படிக்கிறாள். கேட்டதும் குதித்தாள்.
"குடிக்கலைன்னுதான் முதல்ல வச்சுக்கணும்மா. அதுதான் கருதுகோள். ஆதாரம் பலமா இருந்தாத்தான் அதைத் தள்ளணும். குடிக்காதவரைக் குடிச்சார்னா முதல் வகைப் பிழை. குடிச்சவரை விட்டா இரண்டாம் வகை."
"ரெண்டுமே வராம பண்ண முடியாதா?"
"ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு கூடும்மா."
பூஜ்யம் என்றால் குடிகாரன் தப்ப மாட்டான், சரி. பழம் தின்றவன்?

ஜூன் 11
ஷெட்டில் பலாப்பழம் அறுத்தோம். நானும் ஐந்து மெக்கானிக்குகளும் தின்றுவிட்டு ஊதினோம். நாலு பேருக்கு மெஷின் கத்தியது. எனக்குப் பதினொன்று! என்னைப் பெத்த தாயே, நான் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. வாய் கொப்பளித்து இருபது நிமிஷம் கழித்து ஊதினால் எல்லாருக்கும் பூஜ்யம்.
அடிப்பாவி உமாராணி, ஒரு மனுஷன் சோத்துல மண்ணைப் போட்டுட்டியே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஜூன் 13
கான்ட்ராக்டர் ஒத்துக்கொண்டார். இனி இருபது நிமிஷம் கழித்து இரண்டாவது ஊதல்; அதில் காட்டினால்தான் நீக்கம். கொளஞ்சிநாதனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவர் மனைவி மலர்விழி முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "புள்ளைங்க சோறு துன்னுதுன்னா உங்களாலதாங்க."

ஜூலை 2
இதுவரை ஒன்பது பேருக்கு முதல் ஊதலில் காட்டியது. இரண்டாவதில் ஒருவருக்கும் இல்லை. ஒரே பெருமை எனக்கு.

ஜூலை 4
"கொளஞ்சிநாதன் குடிக்கலைன்னு நிரூபிச்சுட்டேன் பார்த்தியா?" என்றேன்.
"இல்லம்மா. குடிச்சார்னு சொல்ல ஆதாரம் பத்தலை. அவ்ளோதான்."
வாயாடி.

ஜூலை 19
கொளஞ்சிநாதன். பதினாலு.
"பலாப்பழங்க."
கொப்பளித்தார். இருபது நிமிஷம் நானும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து. விதியில் இல்லை, ஆனாலும் மூன்றாம் தடவையும் ஊதச் சொன்னேன் — குறையட்டுமே என்றுதான். பதினைந்து. அவர் பஸ்ஸில் ஐம்பது பேர் போவார்கள். பெயரை எழுதினேன்.
"அப்போ, ஜூன்ல?" என்று கேட்டேன்.
"அன்னிக்கி பழந்தாங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.
நம்புவதா? அன்றைக்கு நான் அவரை இரண்டாவது தடவை ஊதச் சொல்லவேயில்லையே.
மலர்விழி மூன்று தடவை போன் செய்துவிட்டாள். எடுக்கவில்லை.